ஆள் எழுந்து போன சூடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ராத்திரிக் கதை இல்லை. இதில் சுடுகாடு கிடையாது. பூட்டிக் கிடந்த பங்களா கிடையாது. மதியச் சாப்பாடு முடிந்து தெருவே கண் அசரும் நேரத்தில், ஒரு வீட்டின் கார் ஷெட்டில் நடந்தது. ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. யாருக்கு நடந்ததோ, அவர் இன்றைக்கும் கடை வைத்திருக்கிறார். கேட்டால் சொல்வார். ஆனால் சொல்லி முடிக்கும்வரை கையில் இருக்கிற வேலையை நிறுத்த மாட்டார். உங்கள் முகத்தையும் பார்க்க மாட்டார்.

அவர் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவர். எல்லாருக்கும் அவர் ‘டெஸ்டர்’தான். மற்றவர்கள் பேனா செருகுகிற சட்டைப் பையில் அவர் டெஸ்ட் லாம்ப் செருகியிருப்பார். ஒரு நுனியில் ஊசி, மறு நுனியில் வயரும் க்ளிப்பும், நடுவில் குட்டி பல்பு. கரண்ட் இருந்தால் எரியும். இல்லாவிட்டால் எரியாது. அவருக்கு உலகமே அவ்வளவுதான். யாராவது பேய், பிசாசு என்று வாயெடுத்தால், “மொதல்ல எர்த் சரியா இருக்கான்னு பாருங்க” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. அம்மா சீக்கிரமே போய்விட்டதால், தலை வாரி, சட்டைக்குப் பித்தான் போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி அவரை ஆளாக்கியது அந்த அக்காதான். அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, போன வருஷம் இறந்துபோனார். வயிற்றில் கட்டி. கண்டுபிடித்தபோதே முற்றிப்போயிருந்தது.

மாமாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. அவர் மகள் பிறப்பதற்கு முன்பே வாங்கியது. “எனக்கு ரெண்டு பொண்ணு. பெரியவ ஷெட்ல நிக்கிறா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நல்ல உயரமான மனிதர். உள்ளே உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டும். ஓட்டுகிற சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோலச் சாய்ந்துகொண்டு ஓட்டுவார். பக்கத்து சீட்டில் அக்கா. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் எங்கே திரும்ப வேண்டும், எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று வாயாலேயே பாதி வண்டியை ஓட்டிவிடுவார்.

மாமா போனபோது அக்கா அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். “என்ன இவங்க, கல்லு மாதிரி இருக்காங்க” என்று வாசலில் நின்று முணுமுணுத்தார்கள். டெஸ்டரின் காதிலும் விழுந்தது.

சில மாதம் கழித்து, ஒரு நாள் அக்கா போன் செய்தார்.

“டேய், வேலையா இருக்கியா?”

“சொல்லுக்கா.”

“மாமா வண்டி சீட்டு சுடுது.”

“வெயில்ல நிறுத்தி வச்சா சுடாம ஜில்லுன்னா இருக்கும்?”

“ஷெட்டுக்குள்ளதான்டா நிக்குது.” பின்னால் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டது. “வெளிய மழை வேற பெய்யுது.”

பக்கத்தில் நின்ற டெஸ்டரின் மனைவி, “கெளம்புங்க. உங்க அக்கா சும்மா கூப்பிடற ஆளில்ல” என்றார்.

ஷெட் என்றால் தகரக் கூரை போட்ட, ஒரு கார் மட்டும் நிற்கிற இடம். மூன்று பக்கம் சுவர், முன்னால் இரும்புக் கதவு. டெஸ்டர் போனபோது அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியைப் பற்றி ஒரு பெரிய புகார்ப் பட்டியலே வாசித்தார். ஓட்டாமலே பேட்டரி இறங்கிவிடுகிறது. உள்விளக்கு தானாக எரிகிறது, தானாக அணைகிறது. கடிகாரம் நின்று நின்று ஓடுகிறது. பாட்டுப் பெட்டி பாதிப் பாட்டில் செத்துவிடுகிறது. கடைசியாக அந்த சீட்டு.

“மாமா இருந்தவரைக்கும் இது வாயே திறக்கலயேக்கா.”

“அவருக்குப் பயந்துகிட்டு இருந்திருக்கும்.”

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

“நீதான் ஓட்டறதில்லயே. சீட்டு சுடறது உனக்கு எப்படித் தெரியும்?”

அக்கா தரையைப் பார்த்தார். “மத்தியானத்துல கொஞ்ச நேரம் வந்து உக்காந்திருப்பேன். என் எடத்துல. எங்கயாவது போனா உக்காருவேன்ல, அங்க. அன்னைக்கு எழுந்திருக்கறப்ப அந்தப் பக்கம் கைய ஊணினேன். சுட்டுச்சு. சுட்டுச்சுன்னா... அடுப்பு மாதிரி இல்லடா. ஆள் எழுந்து போன சூடு இருக்கும்ல? அது மாதிரி.”

டெஸ்டர் கதவைத் திறந்து ஓட்டுகிற சீட்டில் உள்ளங்கையை வைத்தார்.

சூடாகத்தான் இருந்தது.

அவருக்கு முதலில் வந்தது தொழில் பயம்தான். சீட்டுக்கு அடியில் ஏதோ வயர் உரசித் தோல் போய், ஷார்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. என்றைக்காவது ஒரு நாள் புகை வரும். அக்கா உள்ளே உட்கார்ந்திருக்கும்போது வந்தால்?

அப்புறம் அவர் கை சீட்டு முழுக்கத் தடவிப் பார்த்தது. வயர் சுட்டால் ஒரு புள்ளியில் சுடும். இல்லாவிட்டால் கோடுபோலச் சுடும். இது அப்படி இல்லை. உட்காரும் இடத்தில் அகலமாக, தொடை இரண்டும் பதியும் இடத்தில் நீளமாக... முதுகு சாயும் பக்கத்தில் பாதி உயரம் வரைக்கும். அதற்கு மேலே ஜில்லென்று இருந்தது.

பேட்டரிக்கும் அதன் வயருக்கும் நடுவில் மீட்டரை மாட்டினார். சாவி போடாத வண்டி. ஆனால் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். உள்விளக்கு ஃபியூஸைப் பிடுங்கியதும் மீட்டர் பாதி இறங்கியது. டேஷ்போர்டில் சாமான் வைக்கிற பெட்டியைச் சட்டென்று திறந்து, உள்ளே இருந்த குட்டி பல்பைத் தொட்டார். சுட்டது. மூடி மூடியபடி இருக்க, உள்ளே ராப்பகலாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. மீதிக் கரண்டைப் பாட்டுப் பெட்டி தின்றுகொண்டிருந்தது. எவனோ பின்னால் இரண்டு வயரை முறுக்கிவிட்டு, டேப் சுற்றாமல் போயிருந்தான். உள்விளக்குக்குக் காரணம் கதவு ஸ்விட்சில் ஏறிய துரு. கடிகாரத்துக்குக் காரணம் தளர்ந்துபோன ஒரு எர்த் வயர்.

எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாவற்றையும் சரி செய்தார். மீட்டர் முழுதாக இறங்கிப் படுத்துவிட்டது.

சீட்டு மட்டும் சூடாகவே இருந்தது.

நான்கு போல்ட்டையும் கழற்றி சீட்டைத் தூக்கிக் கவிழ்த்தார். கீழே ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்குக் கீழே தகரம். தரை விரிப்பை உரித்துப் பார்த்தார். வயர் என்று ஒரு முடிகூட அந்தப் பக்கம் போகவில்லை.

“வயர்தானே?” அக்கா கேட்டார்.

“ஆமாக்கா. வயர்தான்.”

“என் பொண்ணுகிட்ட அப்படியே சொல்லிடு. அம்மாவுக்கு மூளை கொழம்பிடுச்சு, வண்டிய வித்துட்டு என்னோட வந்துடுன்னு தெனமும் போன்ல நிக்கிறா.”

அவர் தலையாட்டினார். சீட்டை மாட்டி, மாமா வைப்பதுபோலக் கடைசிவரை பின்னால் தள்ளினார். பேட்டரியைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டார். கார் கதவுகளைப் பூட்டிச் சாவியையும் பையில் போட்டுக்கொண்டார். பேட்டரியே இல்லாத வண்டியில் எது சுடும், பார்த்துவிடலாம்.

மறுநாள் மதியம் போய்க் கதவைத் திறந்தார்.

சூடு இருந்தது.

சீட்டு முன்னால் வந்திருந்தது. சீட்டு ஓடுகிற தண்டவாளத்தின் கடைசிவரை, ஸ்டியரிங்கை இடிக்கிற அளவுக்கு.

“அக்கா! சீட்ட நகத்துனியா?”

“சாவி உங்கிட்டதானடா இருக்கு?” வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவர் சீட்டை மறுபடி பின்னால் தள்ளினார். லீவர் இறுகிப் பிடித்தது. தானாக நகர வழியே இல்லை. அடுத்த நாளும் முன்னால் வந்திருந்தது. அதற்கடுத்த நாளும். கடைசியில் சாவியை அக்காவிடமே கொடுத்துவிட்டார்.

மாமா என்று அவர் நினைக்க ஆரம்பித்தது அப்போதுதான். நம்பினார் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. மனைவி என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றார்.

அப்புறம் அந்த மழை நாள் வந்தது.

அக்கா கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். டெஸ்டர் மட்டும் ஷெட்டில். சார்ஜ் ஏற்றிய பேட்டரியைக் கொண்டுவந்திருந்தார். இன்னும் மாட்டவில்லை, சுவரோரம் தரையில் வைத்திருந்தார். டேஷ்போர்டுக்கு அடியில் போகிற வயர்க் கட்டு ஒன்றைத்தான் அவர் இதுவரை பிரித்துப் பார்க்கவில்லை. அதையும் பார்த்துவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தார்.

அக்கா உட்காரும் பக்கத்துக் கதவைத் திறந்து, மல்லாந்து படுத்து, தலையைக் கால் வைக்கிற இடத்துக்குள் நுழைத்தார். வாயில் டார்ச். கையில் டெஸ்ட் லாம்ப். க்ளிப்பைத் தகரத்தில் கவ்வ விட்டிருந்தார். தகரக் கூரையில் மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

வண்டி அசைந்தது.

ஓட்டுகிற பக்கம் லேசாக ஒரு இறக்கம். ஆள் ஏறி உட்கார்ந்தால் இறங்குமே, அதேதான். இருபத்தைந்து வருஷமாக வண்டிக்கு அடியிலும் உள்ளேயும் படுத்து வேலை பார்த்தவருக்கு அந்த அசைவு அத்துப்படி.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

க்ரீச்...

சீட்டு ஸ்பிரிங். யாரோ இடுப்பை நகர்த்திச் சரியாக உட்காருகிற சத்தம்.

“வந்துட்டியாக்கா?” என்றார், டார்ச்சைப் பல்லில் கடித்தபடியே.

தலையைத் திருப்பினார். படுத்த இடத்திலிருந்து அந்தப் பக்கத்துப் பெடல்கள் மூன்றும் தெரிந்தன. பெடலுக்குப் பக்கத்தில் கால் இல்லை. செருப்பு இல்லை. புடவையின் கரை இல்லை.

பிரேக் பெடல் கீழே போனது.

மெதுவாக இல்லை. ஓங்கி மிதித்ததுபோல, தரை வரைக்கும். மேலே வந்தது. மறுபடி தரை வரைக்கும். மறுபடி...

அவர் கையில் இருந்த டெஸ்ட் லாம்ப் எரிந்தது.

பெடல் போகும்போது எரிந்தது. வரும்போது அணைந்தது. ஊசி எந்த வயரையும் தொடவில்லை. பேட்டரி சுவரோரம் கிடந்தது. திறந்திருந்த கதவு வழியே அவர் கண்ணாலேயே பார்த்தார். கிடந்தது.

டக்.

டக். டக்.

என்ன சத்தம் என்று புரியவில்லை. டார்ச்சைக் கையில் எடுத்துத் திருப்பினார். சீட் பெல்ட் மாட்டுகிற கொண்டி. அதன் சிவப்புப் பொத்தான் தானாக அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது. கொண்டியில் பெல்ட்டே இல்லை. ஆனாலும் யாரோ அதைக் கழற்றப் பார்க்கிறார்கள்...

டக். டக். டக். டக்.

கன்னத்தில் சூடு பட்டது.

நிமிர்ந்தார்.

ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடி, உள்பக்கமாக, பனி பிடித்திருந்தது. ஒரு கையகலம். மங்கியது. மறுபடி படர்ந்தது. மங்கியது. படர்ந்தது.

மூச்சு.

வேகமான மூச்சு.

மாமாவின் வாய் இருக்கும் உயரத்தில் இல்லை. அதற்கு ரொம்பக் கீழே.

“மாமா...?”

நின்றது.

பெடல் நின்றது. பொத்தான் நின்றது. கண்ணாடியில் பனி அப்படியே நின்றது. வண்டிக்குள் இன்னொருவரும் இருக்கிறார் என்று அப்போதுதான் கவனித்ததுபோல...

பிறகு சீட்டில் இருந்தது, மிக மெதுவாக, அவர் பக்கம் திரும்பியது.

க்ரீ... ச்...

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அக்கா குடையோடு திரும்பி வந்தபோது அவர் வாசல் படியில், கொட்டுகிற மழையில் உட்கார்ந்திருந்தார். டெஸ்ட் லாம்ப்பின் ஊசி உள்ளங்கையில் குத்தி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

அக்கா உள்ளே கூட்டிப்போய்த் தலையைத் துவட்டினார், சின்ன வயதில் துவட்டியதுபோலவே, அழுத்தி. கையைக் கழுவிக் கட்டுப்போட்டார். சூடாக டீ கொடுத்தார். அவர் பாதி குடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

“பயந்துட்டியா?”

“அக்கா... அது மாமா இல்ல.”

“தெரியும்டா.”

டெஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இருபத்தெட்டு வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கேன். அவரு ஏறினா வண்டி எவ்வளவு எறங்கும்னு எனக்குத் தெரியாதா? இது பூ மாதிரி ஏறுது.” அக்கா ஈரத் துண்டை மடித்துக்கொண்டே பேசினார். “அதோட, அந்த சீட்டுல அவரு ஒரு நாள்கூட உக்காரலடா. பழசு ஸ்பிரிங் உடைஞ்சு இடுப்பு வலிக்குதுன்னு தைக்கக் குடுத்தாரு. வேற சீட்டு போட்டுத் தச்சு, வண்டி வீட்டுக்கு வந்தப்ப அவரு ஆஸ்பத்திரியில படுத்திருந்தாரு. அப்புறம் வண்டியில ஏறவே இல்ல. உனக்கு எங்க இதெல்லாம் தெரியும். நீ அப்ப மருந்துக்கும் டாக்டருக்கும் ஓடிக்கிட்டிருந்த.”

“தெரிஞ்சுமா தினமும்...”

“மொத நாள் தெரியாது.” மடித்த துண்டை மறுபடி பிரித்தார். “மொத நாள் கைய வச்சப்ப, அவருதான்னு நெனச்சேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தன நாளா எங்க போயிருந்தீங்கன்னு திட்டினேன்டா. வாய் ஓயாம திட்டினேன். வீட்டுக் கதை எல்லாம் சொன்னேன். எதுக்கும் பதிலில்ல. சரி, உயிரோட இருந்தப்ப மட்டும் பதில் சொன்னாரான்னு சிரிச்சுக்கிட்டேன். நாலஞ்சு நாள் போனப்புறம்தான் மூச்சு கேட்டுச்சு. அது அவரு மூச்சு இல்ல.”

மழை விட்டு, கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“அவரு வரலடா,” என்றார் அக்கா. “நான் கதவத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். யாரோ வந்தாங்க. அவரு வரல.”

அப்போதுதான் அழுதார். துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க. மாமா இறந்த அன்றைக்கு அழ வேண்டியதையெல்லாம் சேர்த்து அழுதார். டெஸ்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கையால் அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அப்புறம் ஏன்க்கா இன்னும் போய் உக்காரற?”

“அதுக்கு யாரும் இல்லடா. எனக்கு மட்டும் யாரு இருக்கா?” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “சின்னப் பொண்ணுன்னு நெனைக்கிறேன். ரொம்பப் பயந்து கெடக்கு. நான் பேசப் பேசக் கொஞ்சம் அடங்கும். மூச்சு மெதுவாகும். நான் எழுந்தா மறுபடியும் ஆரம்பிச்சிடும்.”

டெஸ்டர் ஷெட் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நீ ஒண்ணு பண்ணு. அந்த சீட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு கேளு. யாரு பெத்த புள்ளையோ. வீட்டுல தேடிக்கிட்டு இருப்பாங்க.”

சீட் தைக்கிறவர் கடை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால். வாயில் நூலைக் கடித்தபடி தைத்துக்கொண்டிருந்தார். மாமாவின் கார் என்றதும் நினைவு வந்துவிட்டது. பழைய சீட்டு தைத்துத் தேறாத நிலைமையாம். பழைய இரும்புக் கடையில் அதே மாதிரிக் கார் ஒன்று கிடந்திருக்கிறது. அதன் ஓட்டுகிற சீட்டைக் கூட்டோடு எடுத்து, மாமாவின் பழைய உறையையே மேலே போட்டுத் தைத்துவிட்டார்.

“அந்தக் கார் எப்படி அங்க வந்துச்சு?”

“ஆத்துல விழுந்து எடுத்த வண்டி. ஸ்பிரிங்குக்குத் தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. வெயில்ல காய வச்சுத்தான் போட்டேன்.”

“ஓட்டினவங்க?”

அவர் நூலைத் துப்பினார். “அத எல்லாம் நான் கேக்கறதில்லப்பா. கேட்டா அப்புறம் தைக்கக் கை வருமா?”

டெஸ்டர் இதை அக்காவிடம் சொன்னார். ஆறு என்று கேட்டதும் அக்கா எழுந்து உள்ளே போனார். அலமாரியிலிருந்து துவைத்து மடித்த போர்வை ஒன்றை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். ஓட்டுகிற சீட்டின் மேல் அதை விரித்து, ஓரங்களைச் செருகிவிட்டார்.

“நனைஞ்சிருக்கும்ல,” என்றார்.

அன்றைக்கே டெஸ்டர் அக்கா மகளுக்குப் போன் செய்தார். எல்லாம் வயர் கோளாறுதான், சரி பண்ணியாச்சு, அம்மா நன்றாகத்தான் இருக்கிறார், வண்டியை இப்போதைக்கு விற்க வேண்டாம் என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். மகள் நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் அதற்கப்புறம் விற்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. அக்கா இன்றும் மதியம் ஆனால் அந்த வண்டியில் போய் உட்கார்கிறார். அவர் மடியில் நறுக்க வேண்டிய காய் இருக்கும், இல்லாவிட்டால் தைக்க வேண்டிய துணி இருக்கும். பேசிக்கொண்டே வேலை பார்ப்பார். டெஸ்டர் மட்டும் அந்த ஷெட்டுக்குள் கால் வைப்பதில்லை. வாசலில் நின்றே, “அக்கா, நான்தான்” என்று குரல் கொடுப்பார்.

இரும்புக் கடைக்காரரைப் பிடித்து, அவர் மூலமாக, அந்தக் காரை ஆற்றிலிருந்து தூக்கிய கிரேன்காரரைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆயின. டெஸ்டர் போனபோது அவர் கிரேனைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, அதன் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முறுக்கேறிய கைகள்.

“நல்லா ஞாபகம் இருக்கு. பாலத்துக்கிட்ட திருப்பத்துல நேரா போயிடுச்சு. ஒரு பொண்ணு ஓட்டிட்டு வந்தது. இருபது வயசு இருக்கும். குள்ளமா, ஒல்லியா இருக்கும்னு சொன்னாங்க. ஓட்டக் கத்துக்கிட்டுக் கொஞ்ச நாள்தானாம்.”

“எடுத்துட்டாங்களா?”

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. “வண்டியத்தான் எடுத்தோம். கண்ணாடி எல்லாம் ஏத்தியிருந்துச்சு. கதவெல்லாம் பூட்டியிருந்துச்சு. பெல்ட்டு மாட்டினது மாட்டினபடி இருந்துச்சு. உள்ள ஆள் இல்ல.”

“வீட்டு ஆளுங்க?”

“அம்மா ஒருத்தங்கதான். வேற யாருமில்ல. தேடின நாளெல்லாம் கரையிலயே உக்காந்திருந்தாங்க. கெளப்பிக் கூட்டிட்டுப் போகப் பாத்தாங்க, நகரல. அப்புறம் எந்த ஊருக்குப் போனாங்கன்னு யாருக்கும் தெரியல. நானும் விசாரிச்சுப் பாத்தேன்.”

“நீங்க எதுக்கு விசாரிச்சீங்க?”

கிரேன்காரர் மீதி டீயைத் தரையில் கொட்டினார்.

“நீங்க எதுக்கு அந்த சீட்டத் தேடிக்கிட்டு வந்தீங்க?”

இருவரும் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு லாரி போனது. புழுதி அடங்கியது.

“மூணு நாள் ஆத்துக்கு அடியில கெடந்த வண்டிங்க,” என்றார் கிரேன்காரர், குரலைத் தாழ்த்தி. “கதவ நெம்பித் தெறந்ததும் தண்ணி கொட்டுச்சு. ஐஸ் மாதிரி தண்ணி. சேறு, பாசி. ஸ்டியரிங்கத் தொட்டா வெரல் வெறைச்சுப்போகுது. கொக்கி மாட்டறதுக்காக உள்ள எக்கி, கைய ஊணினேன்...”

தன் வலது உள்ளங்கையை விரித்து, அதையே பார்த்தார்.

“ஓட்டற சீட்டு மட்டும் சூடா இருந்துச்சு.”